வீட்டுக் கமராவும் வெளியார் கண்ணும்

கல்லடிக்கு வரும் விருந்தினர் முதலிலே விசாரிப்பது பாடும் மீனைப் பற்றியே. நிலாக் காலத்து இரவிலே பாலத்துக்கு அண்மையில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு வைத்துக் கேட்க வேண்டுமென்று நாமும் வழக்கம்போலச் சொல்லியனுப்புகிறோம். ஆனால், இவ்வூரிலே பிறந்து இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் வாழுகின்ற நம்மவர் தொலைபேசியிலே கேட்பது மீனின் பாட்டையன்று. "வீட்டு முற்றத்தை இங்கிருந்து பார்க்க ஒரு வழி செய்து தர முடியுமா?" என்பதே அவர்களுடைய கேள்வி.

கேள்வி நியாயமானதே. மட்டக்களப்பு வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் சேர்வது. அந்தப் பெண்பிள்ளையோ கடல் கடந்து போய்விட்டாள். வீட்டிலே எஞ்சியிருப்பவள் தாய். கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவே ஒரு வீடு, அதற்குள்ளே தனித்த ஒரு வயோதிப மாது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதிக் காலையை மறவாத எந்த மகளுக்கும், ஊரிலே காற்றும் மழையும் என்ற செய்தியைக் கேட்டவுடன் அந்த முற்றத்தை ஒருமுறை கண்ணாற் காண வேண்டுமென்ற ஆவல் எழாதிருக்குமா?

ஆகவே, வீட்டுக் கமராவை வெளியூரில் இருப்பவரும் பார்க்கும்படி ரவுட்டரை அமைப்பது எங்ஙனம் என்பதை இக்கிழமை எடுத்துக்கொள்கிறேன். இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. இதைப் பிழையாகச் செய்து, அதன் பலனையும் அருகிருந்து கண்டவன் நான்.

எங்கள் ஒழுங்கையிலே நாலு வளவு தள்ளி ஓர் அக்கா இருக்கிறார். வயது எழுபத்துநாலு. ஒரே மகள், அவள் இலண்டனிலே. சென்ற ஆண்டு கோயில் திருவிழாவுக்கென்று வந்தவள், போகும்போது இரண்டு கமராக்களைப் பொருத்திவிட்டுப் போக விரும்பினாள். ஒன்று படலையை நோக்கியது. மற்றையது உள்வீட்டிலே, சாமிப் படங்களுக்கு எதிர்ச்சுவரிலே. இரண்டாவது கமரா, சொன்ன பக்கம் தலையைத் திருப்பவல்லது. "மாமா, அங்க இருந்து பார்க்கிற மாதிரிச் செய்து தாங்க" என்று அவள் என்னைக் கேட்டாள். கணினி விஷயத்திலே எனக்கு ஒழுங்கைக்குள் ஓரளவு பெயர் உண்டு. அந்தப் பெயருக்குப் பழுது வராமல் ஒரே மாலையிலே செய்து கொடுத்தேன்.

செய்தது என்ன என்பதை வாசகர் விளங்கிக்கொள்வதற்கு, ரவுட்டர் என்ற பெட்டியின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும்.

ஒரு பெரிய வளவை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள்ளே நாலு வீடுகள். ஆனால் ஒழுங்கைக்கு ஒரே படலை. தபாற்காரனுக்குத் தெரிந்தது படலையின் இலக்கம் மாத்திரமே. உள்ளே யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்பது படலையிலே நிற்கும் காவற்காரனுக்குத்தான் தெரியும். ரவுட்டரே அந்தக் காவற்காரன். இணைய நிறுவனம் நமக்குத் தரும் வெளிமுகவரி படலையின் இலக்கம். வீட்டிலுள்ள கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி, கமரா ஒவ்வொன்றுக்கும் ரவுட்டர் தானாகவே கொடுப்பது உள்முகவரி. பெரும்பாலான வீடுகளிலே அது 192.168 என்ற எண்களோடு தொடங்கும். 1996ஆம் ஆண்டிலே வகுக்கப்பட்ட விதியின்படி, இவ்வெண்கள் உள்வீட்டுப் பாவனைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே உள்முகவரி இருக்கலாம், குழப்பம் நேராது.

உள்ளேயிருந்து ஒருவர் வெளியே கடிதம் எழுதினால், காவற்காரன் அதைக் குறித்துவைத்துக்கொண்டு, பதில் வந்ததும் உரியவரிடம் சேர்ப்பிக்கிறான். ஆனால், கேளாமலே வெளியிலிருந்து ஒருவர் வந்து படலையிலே தட்டினால், "யாரைத் தேடி வந்தீர் என்பது எனக்குத் தெரியாது" என்று திருப்பி அனுப்பிவிடுகிறான். இலண்டன் மகளுக்கு நேர்வதும் இதுவே. கமரா உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அவளுடைய அழைப்பு படலையோடு நின்றுவிடுகிறது.

இதற்குப் பழைய பரிகாரம், காவற்காரனிடம் நிலையான ஒரு கட்டளை எழுதிக் கொடுப்பது. ஒவ்வொரு முகவரிக்கும் 65,536 துறைகள் உண்டு. வாவியிலே தோணி அடையும் துறைகளைப் போல, இன்ன வேலைக்கு இன்ன துறை என்ற வழக்கமும் உண்டு. இணையப் பக்கங்களுக்கு 80, கமராவின் அசையும் படங்களுக்குப் பெரும்பாலும் 554. "இன்ன துறைக்கு வருபவர் எவராயினும் கமராவிடம் அனுப்பிவிடு" என்பதே அந்தக் கட்டளை. இதனைப் 'போர்ட் போவர்டிங்' என்பர். அறிவியலுக்குத் தமிழ்க் கலைச்சொல் ஆக்கும் பணியிலே உழைத்த விபுலாநந்த அடிகளார் துயில்கொள்ளும் உப்போடைக்கு அருகில் இருந்துகொண்டு இவ்வாறு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எனினும் ரவுட்டரின் பக்கத்திலே அந்தப் பெயரோடுதான் அது காணப்படும். நாம் அதைத் 'துறை திறத்தல்' என்று கொள்வோம்.

அன்று மாலை நான் செய்தவை நாலு காரியங்கள். முதலாவதாக, கமராவின் உள்முகவரி நாளுக்கு நாள் மாறாதபடி ரவுட்டரிலே நிலையாகப் பதிந்தேன். இரண்டாவதாக, இரண்டு கமராக்களுக்கும் ஒவ்வொரு துறையைத் திறந்தேன். மூன்றாவதாக, மின்சாரம் போய் வந்தால் வெளிமுகவரி மாறிவிடக் கூடுமாகையால், எண்ணுக்குப் பதிலாக மாறாத ஒரு பெயரைப் பெற்றுக்கொடுத்தேன். முகவரி மாறும்போதெல்லாம் ரவுட்டரே அந்தப் பெயருக்குரியவரிடம் புதிய எண்ணை அறிவித்துவிடும். நாலாவதாக, கைத்தொலைபேசியை வீட்டு இணைப்பிலிருந்து துண்டித்து, வெளி இணைப்பினூடாகப் பார்த்து, படம் தெரிவதை உறுதிசெய்தேன். வீட்டு இணைப்பிலே இருந்துகொண்டு சோதிப்பவர், படலைக்கு உள்ளே நின்றுகொண்டு படலை திறந்திருக்கிறதென்று சொல்பவரைப் போன்றவர்.

இந்த வழி எல்லா வீட்டுக்கும் வாய்ப்பதன்று என்பதையும் சொல்லவேண்டும். பழைய முறையிலே உலகுக்கு இருந்த முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. கையிருப்பிலிருந்த கடைசித் தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பெப்ரவரியிலே பங்கிடப்பட்டுவிட்டன. ஆசிய பசிபிக் பிரதேசத்துக்கு அதே ஆண்டு ஏப்ரலில் முடை வந்தது. ஆதலால், பல இணைய நிறுவனங்கள் ஒரே வெளிமுகவரியைப் பல வீட்டாருக்குப் பொதுவாக வழங்குகின்றன. ரவுட்டரின் பக்கத்திலே காணும் வெளிமுகவரி 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலோ தொடங்குமாயின், உங்கள் படலைக்கு வெளியே இன்னுமொரு பெரும்படலை உண்டென்று அறிக. அப்போது நீங்கள் துறையைத் திறந்தும் பயனில்லை.

அக்கா வீட்டுக்கு அந்தத் தடை இருக்கவில்லை. படம் தெளிவாகத் தெரிந்தது. இலண்டன் போய்ச் சேர்ந்த மகள் அங்கிருந்து பார்த்துவிட்டு, "மாமா, முற்றத்து மாமரத்திலே ஒரு காகம் இருக்கிறது" என்று சொல்லி அழுதாள். நானும் நல்லதொரு காரியம் செய்ததாக மகிழ்ந்தேன்.

நான் செய்யாமல் விட்டது ஒன்று. கமராவை ஆக்கியவர்கள் பெட்டியின்மீது அச்சிட்டு அனுப்பிய பெயரும் கடவுச்சொல்லும் 'அட்மின்', 'அட்மின்' என்பவை. பின்பு மாற்றலாம் என்று எண்ணினேன். அந்தப் 'பின்பு' வரவேயில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் விடியற்காலையிலே அக்கா எங்கள் படலையடிக்கு வந்தார். வழக்கமாக அந்நேரத்திலே கோயிலுக்குப் பூப் பறிப்பவர். முகம் வாடியிருந்தது. "தம்பி, ஒண்டு கேக்கிறன், மறைக்காமச் சொல்லு. புள்ளைக்கு என்னில ஏதும் சந்தேகமா?" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். சில நாளாகவே உள்வீட்டுக் கமரா இரவிலே திரும்புகிறதாம். அவர் பாயை விரித்துப் படுத்தால் பாயின் பக்கம் திரும்புகிறதாம். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனால் அந்தப் பக்கம் திரும்புகிறதாம். மகள்தான் நித்திரை கொள்ளாமல் தன்னைக் காவல் பார்க்கிறாள் என்று எண்ணி, வெட்கத்தினால் யாரிடமும் சொல்லாமல், விளக்கை அணைத்துவிட்டு இருட்டிலேயே சேலை மாற்றியிருக்கிறார். முன்னிரவிலே ஒரு துவாயை எடுத்துக் கமராவின்மேல் போட்டுவிட்டுப் படுத்திருக்கிறார்.

மகளை அழைத்துக் கேட்டேன். அவள் திகைத்துப்போனாள். இரவிலே அவள் பார்ப்பதேயில்லை. உள்வீட்டுக் கமராவை அந்தக் கிழமை முழுதும் அவள் திறக்கவுமில்லை.

அக்கா வீட்டுக்குப் போய்க் கமராவின் வரவுப் பதிவைத் திறந்து பார்த்தேன். எவரென்று அறியாத, எந்த நாடென்றும் நிச்சயமில்லாத முகவரிகளிலிருந்து எத்தனையோ தரம் உட்புகுந்த குறிப்புகள் அங்கே இருந்தன. அச்சிட்ட கடவுச்சொல்லோடு எவரோ படலையாலேயே வந்திருக்கிறார். ஒருவரா பலரா என்றுகூடச் சொல்ல இயலாது. நான் மகளுக்கென்று திறந்த துறை, உலகிலுள்ள எல்லோருக்குமாகத் திறந்து கிடந்திருக்கிறது. அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க அன்று என்னால் முடியவில்லை.

கல்லடியிலே ஓர் ஒழுங்கைக்குள் இருக்கும் கமராவை யார் தேடி வரப்போகிறார்கள் என்று வாசகர் கேட்கலாம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். தேடி வருபவர் மனிதரல்லர், இயந்திரங்கள். 2013ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு மென்பொருளை வெளியிட்டார்கள். அது வேகமான இணைப்புள்ள ஒரேயொரு கணினியிலிருந்து, உலகின் பழைய முறை முகவரிகள் அனைத்தையும், ஒரு துறைக்கு ஒருமுறை என்ற கணக்கில், முக்கால் மணி நேரத்துக்குள்ளே தட்டிப் பார்க்கவல்லது. ஆராய்ச்சிக்கென்று ஆக்கப்பட்ட அத்தகைய கருவிகளைத் தீயோரும் கையாளுவர். இலண்டனும் கல்லடியும் அவற்றுக்கு ஒன்றே.

கதவு திறந்திருப்பதைக் கண்டபின் அவை செய்வதும் அறிந்த விஷயமே. 2016ஆம் ஆண்டிலே 'மிராய்' என்ற தீநிரல் பரவியது. ஆலையிலே அச்சிட்ட பெயரும் கடவுச்சொல்லும் கொண்ட அறுபதுக்கும் மேற்பட்ட சோடிகளை அது மனப்பாடமாக வைத்திருந்து, கமராக்களிலும் ரவுட்டர்களிலும் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தது. அவ்வாறு இலட்சக்கணக்கான கருவிகள் அதற்கு அடிமையாயின. அவ்வாண்டு ஒக்ரோபர் 21ஆந் திகதி, அந்த நிரலுக்கு அடிமையான கருவிகளின் படை, 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தின்மீது ஏவப்பட்டது. பெயர்பெற்ற பல இணையத்தளங்கள் மணிக்கணக்கிலே முடங்கின. யாரோ ஒருவருடைய வீட்டுக் கமரா, அவர் அறியாமலே, உலகத்தின் தெருவை மறித்து நின்றது.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னரே, 2014இல், இன்னும் வெட்கக்கேடான ஒரு காரியம் வெளிப்பட்டது. கடவுச்சொல் மாற்றப்படாத பல்லாயிரம் கமராக்களின் காட்சிகளை ஒரே இடத்திலே திரட்டி, நாடுவாரியாகப் பிரித்து, எவரும் பார்க்கும்படி வைத்தது 'இன்செகாம்' என்ற தளம். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் எப்போதும் போதாது. 2012ஆம் ஆண்டிலே 'ட்ரெண்ட்நெற்' நிறுவனத்தின் கமராக்களின் மென்பொருளிலே ஒரு பழுது கண்டுபிடிக்கப்பட்டு, ஏறக்குறைய 700 கமராக்களின் காட்சிகள் கடவுச்சொல் இல்லாமலே இணையத்தில் வெளியாயின. தொட்டிலிலே உறங்கும் குழந்தைகளும் அவற்றிலே அடங்குவர். அடுத்த ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு அந்நிறுவனத்தின்மீது நடவடிக்கை எடுத்தது.

இத்தனைக்கும் இந்தக் கலையின் தொடக்கம் குற்றமற்ற ஒரு விளையாட்டாகவே இருந்தது. 1991ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினிக் கூடத்திலே, மாடியேறிப் போய் வெறும் பாத்திரத்தைக் கண்டு ஏமாறாதபடி, கோப்பிப் பாத்திரத்தை நோக்கி ஆய்வாளர்கள் ஒரு கமராவை வைத்தார்கள். 1993இல் அந்தப் படம் இணையத்திலே ஏறியது. 2001ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆந் திகதி அணைக்கப்படும்வரை உலகத்தார் அதைப் பார்த்து மகிழ்ந்தனர். கோப்பிப் பாத்திரத்துக்கு நாணம் இல்லை. எத்தனை பேர் பார்த்தாலும் அதற்குக் குறைவில்லை. நம் வீடுகளிலே கமராவின் முன்னே நடமாடுவது கோப்பிப் பாத்திரமன்று. இந்த வேற்றுமையை நான் மறந்ததே என் பிழையின் வேர்.

அப்படியாயின் மகள் தாயைப் பார்க்கவே கூடாதா? பார்க்கலாம். பார்க்கும் வழியைச் செம்மையாக அமைத்தல் வேண்டும். அக்கா வீட்டிலே பின்னர் நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

திறந்த துறைகள் இரண்டையும் அன்றைக்கே மூடினேன். 'யூ.பி.என்.பி.' என்றொரு வசதி பல ரவுட்டர்களிலே இயல்பாகவே இயங்கும். வீட்டுக் கருவிகள் நம்மைக் கேளாமலே தமக்குத் துறை திறந்துகொள்ள அது இடங்கொடுக்கும். அதையும் நிறுத்தினேன். ரவுட்டரின் கடவுச்சொல், கமராக்களின் கடவுச்சொல் ஆகியவற்றை ஒன்றுக்கொன்று வேறானவையாகவும் நீண்டவையாகவும் மாற்றி, அக்காவின் பஞ்சாங்கத்துக்குள்ளே ஒரு தாளில் எழுதி வைத்தேன். கள்வன் வருவது இலண்டனுக்கும் அப்பாலிருந்து. பஞ்சாங்கத்தைப் புரட்ட அவனால் ஆகாது. கடவுச்சொல்லை மாற்றுமுன்பே, கமராக்களை ஆலைநிலைக்கு மீட்டு, ஆக்கியோர் வெளியிட்ட புதிய மென்பொருளை ஏற்றினேன். புதிய மென்பொருள் வெளியிடுவதை நிறுத்திவிட்ட பழைய கமராவாயின், அதை வெளியுலகோடு இணையாதிருப்பதே நன்று. பிரித்தானியாவிலே 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆந் திகதி முதல், எல்லாக் கருவிக்கும் பொதுவான எளிய கடவுச்சொல்லோடு விற்பதைச் சட்டம் தடைசெய்துள்ளது. ஆயினும் நம் வீடுகளிலே கிடப்பவை பெரும்பாலும் அதற்கு முந்தியவையே.

அடுத்தது, மகள் வரும் வழி. இப்பொழுது படலை எவருக்கும் திறந்திருக்கவில்லை. அவளுக்கு மாத்திரம் ஒரு திறவுகோல் கொடுத்திருக்கிறேன். 'வி.பி.என்.' என்று சொல்லப்படும் தனிவழி அது. ரவுட்டரிலேயே 'வயர்காட்' முதலிய முறைகளால் அதை அமைக்கலாம். மகளின் கைத்தொலைபேசியிலே உரிய திறவுகோல் இருந்தாலன்றி, தட்டுகிறவருக்குப் பதிலே கிடையாது. அங்கே ஒரு கதவு இருக்கிறதென்றும் அவர் அறியார். உள்ளே வந்தபின் அவள் வீட்டிலிருப்பவளைப் போலவே கமராவைக் காண்பாள். வெளிமுகவரி பொதுவாக உள்ள வீட்டார், இரு பக்கமும் வெளிநோக்கி அழைத்து இடையிலே சந்திக்கும் வகையான தனிவழியைத் தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கமராவோடு வரும் செயலியையே பாவிக்கலாமே என்பவரும் உளர். கமராவின்மீதுள்ள சதுரக் குறியைக் கைத்தொலைபேசியாற் பிடித்தால் ஐந்து நிமிடத்திலே வேலை முடிந்துவிடும். ரவுட்டரைத் தொடவும் வேண்டியதில்லை. கமராவே வெளிநோக்கி அழைத்து, ஆக்கியோரின் கணினியோடு பேசிக்கொள்வதே அதன் சூட்சுமம். பலருக்கும் இது போதுமானதே. நான் திறந்த துறையிலும் பார்க்க எவ்வளவோ மேலானது. ஆனால் நடுவே ஒரு மூன்றாமவர் நிற்கிறார் என்பதை மறத்தலாகாது. அமேசனுக்குச் சொந்தமான 'ரிங்' நிறுவனம், வாடிக்கையாளரின் தனிப்பட்ட காட்சிகளை ஊழியர்கள் பார்க்க இடங்கொடுத்ததென்று, மேற்சொன்ன அமெரிக்க ஆணைக்குழு 2023ஆம் ஆண்டு மே மாதத்திலே குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 58 இலட்சம் டொலர் செலுத்த இணங்கியது. ஆகவே, செயலியைப் பாவிப்போர் கடவுச்சொல்லோடு, ஒவ்வொரு புதிய நுழைவுக்கும் கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டாவது இலக்கத்தையும் கேட்கும்படி அமைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. செக்கனுக்கு ஒரு மெகாபிட் அளவில் ஓடும் படம், ஒரு மணி நேரத்துக்கு 450 மெகாபைட் கொள்ளும். இரவும் பகலும் வெளியே ஓடவிட்டால் நாளொன்றுக்கு 10.8 கிகாபைட், முப்பது நாளைக்கு 324 கிகாபைட். மாதப் பொதியை அளந்து வாங்கும் வீட்டார் இதைக் கவனிக்க. பார்க்கும்போது மாத்திரம் படம் ஓடும்படி வைப்பதே குடும்பத்துக்கு ஏற்றது.

இவையெல்லாம் செய்தபின், உள்வீட்டுக் கமராவை மறுபடியும் சுவரிலே மாட்ட ஏணியில் ஏறினேன். அக்கா கீழே நின்று, "தம்பி, கொஞ்சம் பொறு" என்றார். ஏறிய ஏணியிலேயே நின்றேன்.

"புள்ள பாக்கட்டும். நான் வேணாமெண்டு சொல்லல்ல. ஆனா அவ எப்ப பாக்கிறா எண்டு எனக்குத் தெரிய வேணும். தெரிஞ்சா நான் தலையக் கட்டிக்கொண்டு முகத்தக் கழுவிக்கொண்டு இருப்பனே."

முதல்நாள் அந்தக் கமராவை மாட்டும்போது மகளைக் கேட்டேன். மகளின் கணவரோடும் பேசினேன். எந்த உயரத்திலே வைத்தால் எவ்வளவு தெரியும் என்று அளந்தும் பார்த்தேன். அந்த வீட்டிலே இருப்பவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியார் புகுந்தது கடவுச்சொல்லின் பிழையினால். அக்கா மூன்று மாதமாக வாய்திறவாமல் இருட்டிலே சேலை மாற்றியது அந்த ஒரு வார்த்தையைக் கேளாத பிழையினால். முதலாவதைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதுமாயிற்று. வீடு மகளின் சீதனமாயிருக்கலாம். பாய் விரித்துப் படுப்பவர் தாய் அல்லவா?

உள்வீட்டுக் கமராவைக் கழற்றிப் பெட்டியிலே வைத்தோம். படலைக் கமரா மாத்திரம் இருக்கிறது. அதையும் சற்றே கீழ்நோக்கித் திருப்பினேன். முன்பு எதிர்வீட்டாரின் கிணற்றடி வரைக்கும் அதிலே தெரிந்தது. 2014ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. செக் நாட்டிலே ஒருவர் தம் வீட்டைக் காக்கவென்று வைத்த கமரா, பொதுத் தெருவையும் எதிர்வீட்டு வாயிலையும் படம்பிடித்தது. தெருவைப் படம்பிடிப்பதனால் அதனை முற்றிலும் வீட்டு விஷயமென்று கொள்ள இயலாது என்பது தீர்ப்பு. நமது நாட்டிலும் தனிப்பட்ட தரவுகளைக் காக்கும் 9ஆம் இலக்கச் சட்டம் 2022ஆம் ஆண்டிலே நிறைவேற்றப்பட்டது. முற்றிலும் வீட்டுத் தேவைக்கானவற்றை அது விலக்கி வைத்திருக்கிறது. சட்டம் எங்கே தொடங்குகிறதென்று பார்த்துக்கொண்டிராமல், நமது கமரா நமது வேலிக்குள்ளேயே பார்ப்பது அயலுக்கு அழகு. எதிர்வீட்டு மச்சாளிடமும் போய், இனிமேல் கிணற்றடி தெரியாது என்று சொல்லிவந்தேன். இதுவரை தெரிந்ததென்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அதற்காகவும் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்தேன்.

இப்பொழுது தாயும் மகளும் தமக்குள் ஒரு நேரம் வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். கோடை காலத்திலே நமக்கு மாலை ஐந்தரை மணியாகும்போது இலண்டனிலே பகல் ஒரு மணி. மகள் மத்தியான உணவுக்கு எழும் வேளை. அந்நேரத்துக்கு அக்கா முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, நல்ல சேலையொன்று உடுத்து, படலையடியிலே வந்து நிற்கிறார். சில நிமிடங்கள்தான். கையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அதன்பின் அந்த நாள் அவருடையது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வாயிருக்கும் தம்பிமாரும் மருமக்களும், தாம் பெரியவர்களுக்கு அமைத்துக் கொடுத்த ரவுட்டர்களை ஒருமுறை திறந்து பாருங்கள். துறைகள் எவையும் திறந்து கிடக்கின்றனவா, அச்சிட்ட கடவுச்சொல் அப்படியே இருக்கிறதா என்று ஆராயுங்கள். அந்த வேலைக்குக் கால் மணி நேரம் போதும். ஆனால் பெட்டியண்டை போகுமுன், அந்த வீட்டிலே இருக்கிற அம்மாவிடமோ அப்பாவிடமோ, "இது இருக்கிறது உங்களுக்குச் சம்மதமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.